தீப்பிடித்தால் உங்கள் லிஃப்ட் எங்கே போகும்? - திருநள்ளாறு லாட்ஜில் கேட்ட ஒரு கேள்வி

சனிக்கிழமை காலை. நளன் தீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டு ஈரத்தலையோடு லாட்ஜுக்குத் திரும்புகிறது ஒரு குடும்பம். பாட்டிக்கு மூட்டுவலி. பேரனுக்கு லிஃப்ட் பட்டனைத் தான்தான் அழுத்த வேண்டும். அறை மூன்றாவது மாடியில். ஆறு பேருக்கான லிஃப்ட்டில் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். கதவுக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு தகடு, 'தீ விபத்தின்போது லிஃப்ட்டைப் பயன்படுத்தாதீர்கள்' என்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை.

போன முறை அம்மாவோடு திருநள்ளாறு போயிருந்தபோது நான் படித்தேன். லிஃப்ட்டுக்காகக் காத்திருந்த நேரம், வேறு வேலையில்லை. வரவேற்பில் இருந்த பையனிடம் சும்மா கேட்டேன்.

"தம்பி, தீப்பிடிச்சா லிஃப்ட்ல ஏறக்கூடாது, சரி. ஏற்கெனவே உள்ளே ஏறிட்டவங்க என்ன ஆவாங்க?"

பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, நம்பிக்கையோடு சொன்னான். "உடனே மெயினை ஆஃப் பண்ணிடுவோம் சார்!"

எனக்குச் சொரேரென்றது. அவன் சொன்னதில் பாதி சரி. கரன்ட்டால் பிடித்த தீ என்றால் மெயினை அணைப்பதுதான் முதல் வேலை என்று நம் எல்லோருக்கும் சொல்லித்தந்திருக்கிறார்கள். ஆனால், அந்த நொடியில் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் இருந்தால்? பாட்டியும் பேரனும் இருட்டில், நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்த ஒரு பெட்டிக்குள் தொங்கிக்கொண்டிருப்பார்கள். புகை மேலே ஏறிக்கொண்டிருக்கும்.

இதைக் கற்பனை என்று ஒதுக்க முடியவில்லை. 2024 டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல் - திருச்சி சாலையில் ஒரு தனியார் எலும்பு முறிவு மருத்துவமனையில் தீப்பிடித்தது. வானளாவிய கட்டடம் ஒன்றுமில்லை, நம் ஊர்களில் எங்கும் பார்க்கிற நான்கு மாடிக் கட்டடம்தான். கீழ்த்தளத்தில் தொடங்கிய தீயின் புகை மேலே ஏறியது. லிஃப்ட்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களைத் தீயணைப்பு வீரர்கள் வெளியே எடுத்தார்கள். அன்று ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தார்கள். எலும்பு முறிந்தவர்கள் சிகிச்சை பெறும் இடத்தில், 'படியில் இறங்குங்கள்' என்று யாரிடம் சொல்வது?

சொன்ன பேச்சைக் கேட்கும் மெஷின்

லிஃப்ட்டுக்குச் சொந்த புத்தி கிடையாது. எந்த மாடியில் பட்டனை அழுத்துகிறார்களோ அந்த மாடிக்குப் போய்க் கதவைத் திறக்கும். மற்ற நாளில் அதன் பெருமையே இந்தக் கீழ்ப்படிதல்தான். தீப்பிடித்த நாளில் அதுவே எமனாகிவிடும்.

1970 ஆகஸ்ட் 5. நியூயார்க்கில் 'ஒன் நியூயார்க் பிளாசா' என்ற 50 மாடிக் கட்டடம், புத்தம் புதிது. 33-வது மாடியில் தீ. மேலே வேலை செய்துகொண்டிருந்தவர்களை எச்சரிக்கலாம் என்று காவலாளிகள் லிஃப்ட்டில் கிளம்பினார்கள். அவர்கள் போக நினைத்தது 33-க்கும் மேலே. ஆனால், லிஃப்ட் 33-ல் தானாக நின்று கதவைத் திறந்தது. அந்தக் கட்டடத்தில் இருந்தவை விரல் சூட்டை உணர்ந்து வேலை செய்யும் நவநாகரிக பட்டன்கள். தீயின் சூட்டை விரலின் சூடு என்று எடுத்துக்கொண்டு, 'யாரோ கூப்பிடுகிறார்கள்' என்று லிஃப்ட்டை அழைத்துவிட்டன. அன்று இரண்டு பேர் இறந்தார்கள்.

இப்போதைய பட்டன்கள் வேறு மாதிரி. இருந்தாலும் வெப்பத்தில் ஒயர் உருகி ஒன்றோடொன்று ஒட்டினால் லிஃப்ட்டுக்கு அதுவும் ஓர் அழைப்புதான். அதோடு நம் காலத்துக்கே உரிய ஒரு வம்பும் உண்டு. கதவு மூடும்போது குறுக்கே கையை நீட்டினால் கதவு மறுபடி திறக்கிறதே, அதற்குக் காரணம் கதவோரத்தில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள். அடர்த்தியான புகை அந்தக் கதிரை மறைத்தால், ஆள் நிற்கிறார் என்று நினைத்துக் கதவு மூடவே மூடாது. தீப்பிடித்த மாடியில் கதவைத் திறந்துவைத்தபடி, உள்ளே இருப்பவர்களோடு லிஃப்ட் அப்படியே நிற்கும்.

இதற்கெல்லாம் மேலே, லிஃப்ட் ஓடும் அந்த உயரமான சந்து, அதாவது ஷாஃப்ட், கட்டடத்தின் நடுவில் கட்டிவைத்த புகைபோக்கி போன்றது. சூடான புகை கிடைத்த வழியில் மேலே ஏறும். அதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. 1980 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் 'எம்ஜிஎம் கிராண்ட்' ஓட்டல் எரிந்தபோது தீ பெரும்பாலும் கீழ்த்தளத்தோடு நின்றுவிட்டது. ஆனால், இறந்த 85 பேரில் பெரும்பாலானோர் மேல்மாடிகளில் இருந்தவர்கள். படிக்கட்டு வழியாகவும் லிஃப்ட் ஷாஃப்ட் வழியாகவும் புகை அவர்களைத் தேடிப் போனது.

இரண்டு ஒயர் சமாசாரம்

நியூயார்க் சம்பவத்துக்குப் பிறகு 1973-ல் அந்த நகரம் சட்டத்தை மாற்றியது. அமெரிக்க லிஃப்ட் பாதுகாப்பு விதிகளிலும் ஒரு புது ஏற்பாடு நுழைந்தது. இன்று உலகம் முழுக்க அதுதான் அடிப்படை. தீ என்று தெரிந்தவுடன், லிஃப்ட் யார் பேச்சையும் கேட்கக் கூடாது. எல்லா அழைப்புகளையும் ரத்து செய்துவிட்டு நேரே தரைத்தளத்துக்கு வந்து, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அங்கேயே நின்றுவிட வேண்டும்.

மேலே போய்க்கொண்டிருந்தால் அடுத்த மாடியில் நிற்கலாம், ஆனால் கதவைத் திறக்காமல் திரும்பிக் கீழே வர வேண்டும். புகையைப் பார்த்து ஏமாறும் அந்த ஒளிக்கதிரைப் பொருட்படுத்தாமல், மெதுவாக, யாரையும் நசுக்காமல் கதவை மூட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் பட்டனைத் தட்டினாலும் பயனில்லை. அவர்கள் வேண்டாம் என்றாலும் லிஃப்ட் அவர்களை வெளியே கொண்டுவந்து விட்டுவிடும்.

இதற்கு என்ன தேவை என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். கூரையில் வெள்ளை நிறத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல் இருக்கிறதே, அது புகையை உணரும் டிடெக்டர். அது தகவல் சொல்லும் இடம் ஃபயர் அலாரம் பேனல். பெரும்பாலும் வரவேற்பறைச் சுவரில், சிவப்புப் பெட்டியாக இருக்கும். லிஃப்ட்டின் மூளைக்கு கன்ட்ரோலர் என்று பெயர். அது மொட்டைமாடி மெஷின் ரூமில் இருக்கும். பேனலுக்குள் ஒரு சின்ன ரிலே. அதிலிருந்து கன்ட்ரோலருக்கு இரண்டு ஒயர். அவ்வளவுதான். புகை என்றால் ரிலே 'டக்' என்று மாறும், கன்ட்ரோலர் அதைப் பார்த்து லிஃப்ட்டைக் கீழே இறக்கும். இன்று விற்கிற லிஃப்ட் கன்ட்ரோலர்களில் பெரும்பாலானவற்றில் இந்த ஒயரைச் சொருக இடம் இருக்கிறது.

அப்படியென்றால் ஏன் எல்லா இடத்திலும் இல்லை? அலாரம் போடுபவர் ஒருவர், லிஃப்ட் போடுபவர் வேறொருவர். அலாரக்காரர் பேனலோடு தன் வேலையை முடித்துக்கொண்டு பில் கொடுத்துவிட்டுப் போகிறார். லிஃப்ட்காரர் கன்ட்ரோலரோடு முடித்துக்கொள்கிறார். நடுவில் இருக்கிற அந்த இரண்டு ஒயர் யாருடைய ஒப்பந்தத்திலும் வராது. கட்டட உரிமையாளருக்கு இரண்டுமே வந்துவிட்டதாகத்தான் நினைப்பு. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பூ வாங்குவார்கள் என்று பெண் வீட்டாரும், பெண் வீட்டார் வாங்குவார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரும் இருந்த கதைதான்.

எலி, ஈசல், சாம்பிராணி

ஒயரை இழுத்துவிட்டால் மட்டும் போதாது. எப்படி இழுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் எலி. இந்த இணைப்பை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். தீப்பிடித்தால் மட்டும் ஒயரில் கரன்ட் ஓடும்படி வைக்கலாம். அல்லது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்படியும், தீப்பிடித்தால் நிற்கும்படியும் வைக்கலாம். முதல் வகையில் எலி ஒயரைக் கடித்தால் யாருக்கும் தெரியாது. தீப்பிடிக்கும் நாளில்தான் தெரியும். இரண்டாவது வகையில், எலி கடித்த அன்றே லிஃப்ட் கீழே வந்து நின்றுவிடும். எல்லோரும் திட்டுவார்கள், மெக்கானிக் வருவார், ஒயர் சரியாகும். திட்டு வாங்கும் ஏற்பாடுதான் நல்ல ஏற்பாடு.

அடுத்தது, எந்த டிடெக்டர் சொன்னால் லிஃப்ட் இறங்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் என்று வைத்தால், அறையில் யாராவது சாம்பிராணி போட்டாலும் லிஃப்ட் கீழே போய் நின்றுகொள்ளும். கோயில் ஊரில் அது தினம் நடக்கும். அதனால் ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட்டுக்கு எதிரே இருக்கும் டிடெக்டர், மெஷின் ரூமில் இருப்பது, ஷாஃப்ட்டில் இருந்தால் அதுவும் என்று இவற்றை மட்டும் இணைப்பது பல நாடுகளின் வழக்கம். அறைகளில் இருப்பவை மணி அடித்தால் போதும்.

காரைக்காலுக்கென்று தனியாகச் சில தொல்லைகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கிளம்பும் ஈசல் டிடெக்டருக்குள் புகுந்தால் அதற்குப் புகையும் பூச்சியும் ஒன்றுதான், அலாரம் அடித்துவிடும். இரவு இரண்டு மணிக்கு நாலு முறை பொய்யாக அடித்தால் வாட்ச்மேன் என்ன செய்வார்? பேனலை அணைத்துவிட்டுப் படுப்பார். வெள்ளையடிக்கும்போது தூசு போகாமலிருக்க டிடெக்டர் மேல் மாட்டிய பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறந்த கட்டடங்களும் உண்டு. கடலோர உப்புக்காற்று ரிலே முனைகளையும் திருகாணிகளையும் அரிக்கும். அடைமழையில் லிஃப்ட்டின் அடிக்குழியில் தண்ணீர் நிற்கும். உள்ளூரில் ஒரு வருடத்தில் தேயும் பொருள் கடற்கரையில் ஆறு மாதத்தில் தேயும் என்பது மீன்பிடி படகு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் சங்கடமானது. தீயே தரைத்தளத்தில் என்றால்? திண்டுக்கல்லில் அப்படித்தான். 'தீ என்றால் கீழே வா' என்று மட்டும் சொல்லிவைத்த லிஃப்ட், ஆட்களை நேராகப் புகைக்குள் கொண்டுபோய் இறக்கும். அதனால் தரைத்தள லிஃப்ட் வாசலில் இருக்கும் டிடெக்டர் புகையைப் பார்த்தால், வேறொரு மாடிக்கு, வழக்கமாக முதல் மாடிக்கு, போய் நிற்கும்படி இரண்டாவது கட்டளை ஒன்று வேண்டும். இதற்கு இன்னொரு ஜோடி ஒயரும் கன்ட்ரோலரில் ஒரு செட்டிங்கும் தேவை. மறக்கப்படுவது பெரும்பாலும் இதுதான்.

நான்காவது நம் நாட்டு விசேஷம். கரன்ட் போனால் பேட்டரியில் ஓடி, பக்கத்து மாடியில் நின்று கதவைத் திறக்கும் கருவி இங்கே பல லிஃப்ட்களில் உண்டு. ஏ.ஆர்.டி என்பார்கள். மின்வெட்டுக் காலத்தில் எத்தனையோ பேரைக் காப்பாற்றிய நல்ல பொருள். ஆனால் அதற்குத் தெரிந்தது 'பக்கத்து மாடி' மட்டும்தான். அந்த மாடியில்தான் தீயா என்று அதற்குத் தெரியாது. தீ அலாரம் அடித்திருக்கும்போது ஏ.ஆர்.டி என்ன செய்ய வேண்டும் என்று லிஃப்ட் கம்பெனியிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. லிஃப்ட்டுக்கு வரும் கரன்ட்டை மற்ற மெயினிலிருந்து பிரித்துத் தனி லைனாக வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். வரவேற்பறைப் பையன் கட்டடத்து மெயினை அணைத்தாலும் லிஃப்ட் கீழே வந்து சேரும் வரை அதற்கு உயிர் இருக்க வேண்டும்.

தீயணைப்பு வீரரும் விதிவிலக்கில்லை

2021 மார்ச் 8, கொல்கத்தா. ஸ்ட்ராண்ட் சாலையில் ரயில்வே அலுவலகங்கள் இருக்கும் நியூ கொய்லாகாட் கட்டடத்தின் 13-வது மாடியில் தீ. அணைக்கப் போனவர்கள் லிஃப்ட்டில் ஏறினார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வர் தீயணைப்பு வீரர்கள். பலரின் உடல்கள் லிஃப்ட்டுக்குள்ளேயே கிடந்தன. தீயோடு பழகியவர்களையே ஏமாற்றும் பொறி அது.

அவர்களுக்கென்று தனி லிஃப்ட் இருக்க வேண்டும் என்கிறது இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. எட்டுப் பேர், 545 கிலோ தாங்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் உச்சி மாடியை அடைய வேண்டும். தரைத்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சுவிட்ச் இருக்கும். கண்ணாடியை உடைத்து அதைப் போட்டால் லிஃப்ட் தீயணைப்பு வீரரின் வசமாகிவிடும். இழுத்து மூடும் கம்பிக் கதவு கூடாது என்றும் விதி உண்டு. காரணம் எளிது. மேல் மாடியில் யாரோ கம்பிக் கதவைச் சரியாக மூடாமல் போய்விட்டால், எந்த அலாரம் கத்தினாலும் அந்த லிஃப்ட் நகராது. பழைய லாட்ஜ்களில் இன்னும் அந்தக் கதவுதான் இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், 2016-ம் ஆண்டின் அந்தத் தொகுப்பு 'உயரமான கட்டடம்' என்று கணக்கில் எடுப்பது 15 மீட்டரிலிருந்துதான். வீரர்களுக்கான லிஃப்ட் போன்றவை அதற்கு மேல்தான். தரைத்தளமும் மூன்று மாடியுமாக நிற்கிற கட்டடம் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடும். திருநள்ளாறு லாட்ஜ்களும், காரைக்கால் நகரத்து நர்சிங் ஹோம்களும், துணிக்கடைகளும், கல்யாண மண்டபங்களும் பெரும்பாலும் இந்த உயரம்தான். லிஃப்ட் வைக்கும் அளவுக்கு உயரம், லிஃப்ட் விதி பொருந்தாத அளவுக்குக் குள்ளம். நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சூழ இருந்தாலும், தமிழ்நாடு 1997-ல் கொண்டுவந்த லிஃப்ட் சட்டம் வாஞ்சூர் எல்லையோடு நின்றுவிடும். காரைக்காலுக்குப் புதுச்சேரிதான் பொறுப்பு. ஆனால் மேலே சொன்ன இரண்டு ஒயரைப் போட எந்த அரசாணையும் தேவையில்லை. இருக்கிற பேனல், இருக்கிற லிஃப்ட், ஒரு நாள் வேலை.

நீங்கள் உள்ளே இருந்தால்...

எல்லா லிஃப்ட்டும் இப்படி மாறும் வரை நாம் என்ன செய்வது? லிஃப்ட்டில் போகும்போது அலாரம் கேட்டால், அது தானாகக் கீழே இறங்கினால் பயப்படாதீர்கள், அது சரியாகத்தான் வேலை செய்கிறது. அப்படி இல்லையென்றால், வரப்போகிற அடுத்த மாடியின் பட்டனை அழுத்தி, கதவு திறந்ததும் வெளியே புகை இல்லையென்றால் உடனே இறங்கிப் படிக்கட்டைப் பிடியுங்கள். புகை தெரிந்தால் கதவை மூடும் பட்டனை விடாமல் அழுத்தி வேறு மாடிக்கு முயலுங்கள். நடுவில் நின்றுவிட்டால் அலார பட்டனை அழுத்துங்கள், 112 அல்லது 101-க்குப் பேசுங்கள், துணியால் மூக்கை மூடிக் கீழே உட்காருங்கள். கதவைப் பிளந்து குதிக்க வேண்டாம்.

படி இறங்க முடியாதவர்களோடு தங்குவதாக இருந்தால் அறையைக் கீழ்த்தளத்திலோ முதல் மாடியிலோ கேட்டு வாங்குங்கள். மேல் மாடிதான் கிடைத்தது, படிக்கட்டு முழுக்கப் புகை என்றால், அறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத் துண்டைத் திணித்து, ஜன்னலருகில் நின்று கூப்பிடுவது புகைக்குள் பாட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட மேல். நளன் தீர்த்தத்தில் நனைந்த துண்டு எப்படியும் கையில் இருக்கும்.

அன்று கிளம்பும் நேரத்தில் நல்லவேளையாக லிஃப்ட் சர்வீஸுக்கு மெக்கானிக் வந்திருந்தார். பையனுக்கு நான் கேட்ட கேள்வி மனதில் நின்றிருந்தது போலும். "வாங்க சார், இவர்கிட்டயே கேட்டுடலாம்" என்று மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனான். மெக்கானிக் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். கலர் கலராக ஒயர்கள் நடுவே ஓர் இடத்தில் 'ஃபயர்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அதன் கீழே இரண்டு திருகாணிகள், பளபளவென்று, புதிதாக. எந்த ஒயரும் இல்லை.

"இதை யாரு கேட்டா சார் போடறதுக்கு?" என்றார் மெக்கானிக். பையன் தன் செல்போனை எடுத்து அந்தத் திருகாணிகளை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான், முதலாளிக்கு அனுப்ப.